ஹெல்மெட்டுக்குள் நண்டு

தினேஷ்,

உன் வண்டிச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அதைத் திருப்பித் தரச் சொல்லி உன் அம்மாவைத் தூது அனுப்புகிறாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் அண்ணியான அவர் சோற்றுத் தட்டோடு சேர்த்து உன் செய்தியையும் என் முன்னால் வைக்கிறார். எனக்கு நயமாகப் பேச வராது. வாயைத் திறந்தால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். எழுதியதை மடித்து உன் தலைமாட்டில் வைக்காமல் எல்லோரும் படிக்கிற இடத்துக்கு அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது. இது ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருந்த விஷயம். நான் ஒருவன் முட்டாளாக இருந்ததை நாலு பேர் கூடுதலாகத் தெரிந்துகொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் வண்டி வாங்கப்போகிற ஏதாவது ஒரு பிள்ளைக்காவது உபயோகப்படட்டும்.

படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். நான் உன்னைப் பெற்றவன் இல்லை, உன் நைனாவின் தம்பி. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அண்ணன் போனபோது நீ ஒன்றாம் வகுப்பு. எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. நீ என்னைச் சின்ன நைனா என்று கூப்பிட்டாய். கொஞ்ச நாளில் அந்தச் 'சின்ன'வும் தேய்ந்துபோய், ஸ்கூலில் 'உங்கப்பா வரணும்' என்றால் டிப்ளமோ வகுப்பை விட்டுவிட்டு நான்தான் வந்து நின்றேன். உன் வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரியவங்க யாரும் இல்லையா என்று கேட்டார். நான்தான் பெரியவன் என்றேன். இன்றைக்கும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, உனக்கு அடுத்த மாதம் ஆகிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன்னை மகன் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் அந்த வாத்தியாரைப் போய்க் கேட்கட்டும்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் உனக்கு வேலை கிடைத்ததும் வண்டி பேச்சு வந்தது. உனக்குத் தெரிந்ததெல்லாம் டேங்க் புடைத்துக்கொண்டு, சைலன்சர் ஊரைக் கூட்டுகிற வண்டி. பொன்னேரி ஒர்க்‌ஷாப்பில் அந்த மாதிரி வண்டிகளைத் தினமும் பிரித்துப் போடுகிறவன் நான். முன்சக்கரம் வளைந்து, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பி வருகிற வண்டிகளில் பாதி, ஓட்டப் பழகுகிறவன் முதல் வண்டியாக வாங்கியதுதான். முதல் வண்டி உன்னை விடப் பலசாலியாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். விரல் நுனியில் நிற்கிறவன் மணலில் நிற்க மாட்டான். நம்முடைய ரோட்டில் எந்த வளைவில் மணல் ஏறிக் கிடக்கும் என்று ரோடு போட்டவனுக்கே தெரியாது. அங்கே முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி போய்விடும், நீ மட்டும் கிடப்பாய். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, மணல் மேல் எதையும் பிடிக்காதே, முறுக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன்.

கடைசியில் நான் சொன்ன நூற்றிருபத்தைந்து சிசி வண்டியைத்தான் எடுத்தோம். அதற்கு நீ ஒத்துக்கொண்டது என் அறிவுரையால் இல்லை, படகால். நீ கட்டிக்கொள்ளப்போகிற ரேவதியின் வீடு பசியாவரம், ஏரிக்குள் படகில் மட்டும் போகிற தீவு. நம்மூரில் ஒரு வண்டி நல்ல வண்டியா என்று பார்க்க ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், இரண்டு ஆள் சேர்ந்து படகில் தூக்கி வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். நீ ஆசைப்பட்ட வண்டியை ஷோரூமில் பின்பக்கம் பிடித்துத் தூக்கச் சொன்னேன். சேல்ஸ் பையன் பயந்து ஓடி வந்தான். நீ முகம் சிவந்து, "இது மாமியா ஊட்டுக்கு வராது நைனா" என்றாய். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்தது நன்றாக இருந்தது.

அடுத்தது உடம்புக்குப் போடுகிற சாமான். இதில் நான் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. பாலத்துக்கு அடியில் சாக்கு விரித்து விற்கிற ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கிற ஐஎஸ்ஐ ஸ்டிக்கர், அந்த ஹெல்மெட்டை விட நல்ல தரம். சென்னைக்குப் போய், தலையை டேப் வைத்து அளந்து வாங்கினோம். மாட்டினால் கன்னம் இரண்டும் உள்ளே அமுங்க வேண்டும், ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோல் அதோடு சேர்ந்து அசைய வேண்டும், வாருக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும், பழகும். தோளிலும் முழங்கையிலும் பட்டை வைத்த, காற்றுப் போகிற வலை ஜாக்கெட். கையுறை, ஏனென்றால் விழுகிறவன் முதலில் ஊன்றுவது உள்ளங்கையை. கணுக்காலை மூடுகிற ஷூ. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் நின்றாய். உனக்கு நெற்றியில் வியர்த்தது. "இன்னா நைனா, சந்திரனுக்கு போறவன் மாதிரி கீறேன்" என்றாய். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏன் வியர்க்கிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் படத்துக்கு முன்னால் உன்னை நிறுத்தி, இதெல்லாம் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். நீயும் செய்தாய். இதை மறந்துவிடாதே. நான் கேட்டேன், நீ செய்தாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் நீ ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் வாசலில் வந்து இறங்கினாய். இறங்கியதும் அதைக் கழற்றி, பெரிதாக ஒரு மூச்சு இழுத்து விடுவாய். துறைமுகத்தில் வேலை பெண்டு கழற்றுகிறது போல என்று நினைத்துக்கொள்வேன். ஹெல்மெட்டில் ஒரு நாற்றம். தினமும் போடுகிறவன் தலை வியர்வை என்று நினைத்தேன். உன் லீவு நாளில் அதன் உள்பஞ்சைப் பிரித்தெடுத்து, குழந்தைக்குப் போடுகிற ஷாம்பூவில் அலசி, நிழலில் காய வைத்து மாட்டிக் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப்பில் ஹெல்மெட் இல்லாமல் வருகிற பையன்களிடம், எங்க வீட்டுப் பிள்ளை ஹெல்மெட் நாறுகிற அளவுக்குப் போடுகிறான், உங்களுக்கு இன்னாடா கேடு என்று பெருமையாகக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. ரோடு திரும்புகிற இடத்தில் நண்டு எடுத்து விற்கிற கஸ்தூரி அக்கா, தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் நின்றுபோய்விட்டது, வந்து பார் என்று ஆள் அனுப்பினார். போனேன். மோட்டாரில் ஒன்றும் இல்லை, ஒயர் முனை உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்தது. அதைச் சுரண்டி முறுக்கிக்கொண்டிருக்கும்போது கொட்டகை ஓரத்தில் ஈரச் சாக்குப் போட்டு மூடிய ஒரு பாத்திரம் கண்ணில் பட்டது. பாத்திரத்துக்கு வார் தொங்கியது. சாக்கைத் தூக்கினேன். உன் ஹெல்மெட். உள்ளே கொடுக்கு கட்டிய நண்டுகள், கன்னப் பஞ்சில் சாய்ந்துகொண்டு, நான் யார் என்று பார்த்தன. பக்கத்து ஆணியில் உன் ஜாக்கெட், அதன் கீழே உன் ஷூ.

அக்கா வெட்கப்படவே இல்லை. "உம் புள்ளதான் தெனமும் காலைல வச்சிட்டுப் போறான். சும்மா கெடக்குதேன்னு நண்டு போட்டேன். சாய்ங்காலம் அவன் வர்றதுக்குள்ள கழுவி வச்சுருவேன்பா. இதுவரிக்கும் ஒரு நாள் தவறுனது இல்ல."

துறைமுக வாசலில் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்களே என்று கேட்டேன். நீ வாசலுக்கு முன்னாலேயே டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போவதாகச் சொன்னார். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. நான் ஷாம்பூ போட்டு அலசியதும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் வரைக்கும் அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ வெறும் தலையோடு வந்து, வண்டியை நிறுத்தி, பழகிய கை போல உள்ளே கை நீட்டினாய். என்னைப் பார்த்தாய்.

"இன்னா நைனா, இங்க கீற?"

"உன் தலைய எடுத்துனு போலாம்னு வந்தேன்" என்றேன்.

வலைக்காரர்களில் ஒருத்தன், நண்டுக்கு லைசென்ஸ் வாங்கியாச்சா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஷோரூமில் நாம் சேர்ந்து சிரித்தோமே, அந்தச் சிரிப்பு இல்லை இது. இது என்னைக் கரையில் விட்டுவிட்டு நீங்கள் எல்லாரும் படகில் இருந்து சிரிக்கிற சிரிப்பு. பொய் சொன்னதைக்கூட நான் ஜீரணித்துவிடுவேன். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. நான் சாவியைப் பிடுங்கியபோது நீ முணுமுணுத்தாய்: "தண்ணிக்கு போறவன் மேல எதையும் கட்டாதன்னு நீங்க எல்லாருந்தான சொல்லிக் குடுத்தீங்க."

ரோடு தண்ணியாடா என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு அண்ணி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். உனக்கு அதை மாட்டினால் மூச்சு வரவில்லை என்றார். கண்ணாடியை இறக்கினால் நெஞ்சு அடைக்கிறதாம். முதல் நாள் பழவேற்காடு தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாயாம். சாயங்காலம் அக்கா கொட்டகையில் இருந்து நம் வாசல் வரைக்கும் முங்கு போடுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவாயாம். நான் வேலைக் களைப்பு என்று நினைத்த பெருமூச்சு அதுதான்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாள்லேர்ந்து" என்றார். பிறகு, "அவுங்க நைனா போனது கோட்டோடதானேப்பா, இவன் பாத்துனுதான இருந்தான்" என்றார்.

அது எனக்கும் தெரியும். மழைக்கு மாட்டிய பிளாஸ்டிக் கோட்டு. படகு கவிழ்ந்ததும் மற்றவர்கள் நீந்திக் கரை ஏறினார்கள். அண்ணனை விட நன்றாக நீந்துகிறவன் நம் கரையில் கிடையாது. கோட்டுக்குள் தண்ணீர் ஏறி, ஜிப்பைத் திறக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனது. கொண்டுவந்து கிடத்தியபோதும் ஜிப் கழுத்து வரைக்கும் ஏறித்தான் இருந்தது. நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. உன்னை யாரோ உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டதாகத்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நம் ஆட்கள் சொல்வதில் தப்பு இல்லை. அண்ணி இறால் தடவப் போகும்போது பார்த்திருக்கிறேன். இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் தடவுகிற ஆள், இறங்குவதற்கு முன்னால் முந்தானையில் ஒரு விரல் அளவு துணிகூடத் தொங்காமல் இழுத்துச் செருகுவார். தண்ணீரில் உடம்பு மேல் இருப்பது எதுவும் எமன். அது தண்ணீரின் சட்டம். ரோட்டின் சட்டம் தலைகீழ். தண்ணீர் உன்னைப் பிடித்து உள்ளே இழுக்கிறது, அதனால் பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாது. ரோடு உன்னைத் தேய்க்கிறது, அதனால் தேய உன் தோலைத் தவிர வேறு ஒன்று இருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தவனுக்கு நீந்த நேரம் இருக்கிறது. ரோட்டில் விழுந்தவனுக்குக் கையை ஊன்றக்கூட நேரம் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் வெறும் தலையோடு தினமும் போய் வந்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல் இருந்த அந்த மாதங்களை இப்போது ஒவ்வொரு நாளாக நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறேன். நீ பத்திரமாகக் கூடத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாய், நான் பயப்படுகிறேன். இது எந்த ஊர் நியாயம்?

எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், இது தீர்க்க முடிகிற கோளாறு. ஒரு நாள் வேலை. துறைமுகத்துக்குள்ளே நாள் முழுக்க மஞ்சள் தொப்பி போடுகிறாய், அதில் உனக்கு மூச்சு அடைப்பதில்லை. அப்படியென்றால் முகம் திறந்த ஹெல்மெட் உனக்குச் சரிப்படும். காதும் பின்மண்டையும் மூடும், வாயும் மூக்கும் வெளியே இருக்கும். தாடைக்குக் காப்பு கிடையாது, முழு ஹெல்மெட்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நண்டுக்குப் போட்ட முழு ஹெல்மெட்டை விட உன் தலையில் இருக்கிற அரை ஹெல்மெட் மேல். வீட்டுக்குள்ளே சும்மா மாட்டி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். ஜாக்கெட்டில் ஜிப்தான் பயம் என்றால் அழுத்தினால் திறக்கிற பட்டன் வைத்துத் தைக்கலாம். படகில் ஏறும்போது எல்லாவற்றையும் கழற்று, ஷூ உட்பட, நானே கழற்றச் சொல்வேன். பசியாவரம் மண்ணில் கால் வைத்ததும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் மாட்டு. இவ்வளவுதான். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதே கடையில் அன்றைக்கே மாற்றிக்கொண்டு வந்திருப்போம்.

ஏன் சொல்லவில்லை என்று அண்ணியிடம் கேட்டேன். "நீ ஸ்பேனர எடுத்துனு பேசற மாதிரி பேசுவப்பா, அதான்" என்றார். இருக்கட்டும். நான் அப்படித்தான் பேசுவேன். லூஸாக இருக்கிற போல்ட்டைப் பார்த்தால் எனக்கு அன்பாகப் பேச வராது, முறுக்கத்தான் வரும். ஆனால் நான் கத்துவேன் என்பது நீ பொய் சொல்ல லைசென்ஸ் இல்லை. துறைமுகமே வேண்டாம் என்று கொடி பிடித்து ரோட்டில் உட்கார்ந்தவர் உன் மாமனார். அவர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போய், அவர் முகத்தைப் பார்த்து, நான் அங்கதான் வேலைக்குப் போறேன், அதுக்கு நீங்க ஒத்துக்கினாதான் கல்யாணம் என்று சொன்னவன் நீ. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷன் எழுந்து வெளியே போனார். நீ நகரவில்லை. அவர் திரும்பி வந்து, பொய் சொல்லாத பையன் என்று உன்னைப் பற்றிச் சொன்னார். எனக்கு அன்றைக்கு நெஞ்சு இவ்வளவு பெரிதானது. இப்போது கேட்கிறேன். அவருக்குச் சொல்ல முடிந்தது. நண்டு எடுக்கிற அக்காவுக்குச் சொல்ல முடிந்தது. டீக்கடைக்காரனுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லித்தானே வண்டியை விட்டிருப்பாய். ரேவதிக்கும் தெரியும் என்று அண்ணி சொல்கிறார். மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். என்னை அப்பா இடத்தில் நிறுத்தியது நீ. அப்பாவிடம் மறைக்கிறதை எல்லாம் என்னிடம் மறைப்பதற்காகத்தான் நிறுத்தினாயா?

கல்யாணம் முடிந்து ரேவதியைப் படகில் கூட்டிக்கொண்டு வந்து, கரையில் இருந்து அந்த வண்டியில்தான் வீட்டுக்கு அழைத்து வரப்போகிறாய் என்று ஊரே பேசுகிறது. பின்னால் உட்காருகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள உன்னைத் தவிர ஒன்றும் இல்லை. மணலில் சக்கரம் வழுக்கினால் முதலில் எறியப்படுவது அவள். அவளுக்கும் ஹெல்மெட் வேண்டும். பட்டுப்புடவை முந்தானையைச் சக்கரத்துக்குப் போகாமல் மடியில் சுருட்டி வைக்கச் சொல். பூ நசுங்கும். நசுங்கட்டும்.

பழைய ஹெல்மெட்டைக் கஸ்தூரி அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் அத்தனை நாள் ஊறியதை இனி எந்தத் தலைக்கும் நான் நம்ப மாட்டேன். புதிதாக முகம் திறந்தது ஒன்று உனக்கு, ஒன்று ரேவதிக்கு, வாங்கி வைத்துவிட்டேன். அண்ணிக்குக் காட்டினேன். எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். இந்தத் தடவை அவர் எனக்காக உன்னிடம் மறைத்துக்கொண்டிருக்கிறார். அது எப்படி இருக்கிறது என்று நீயும் பார்.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் எங்கேயாவது ஒரு ஹெல்மெட்டைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாய். வராதே. ஹெல்மெட்டோடு நிற்கிறதை நீ எனக்குத் தினமும் காட்டியாகிவிட்டது. உன் தலையில் எது இருந்தாலும் இனி அதை நம்புகிற கண் எனக்கு இல்லை. வெறும் தலையோடு வா. அண்ணியை அனுப்பாதே. என் எதிரில் உட்கார்ந்து, அதை மாட்டினால் எனக்கு மூச்சு வரவில்லை, பயமாக இருக்கிறது என்று உன் வாயால் சொல். நான் கத்துவேன். கத்தி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு, உன் மாமனார் வீட்டில் நகராமல் உட்கார்ந்திருந்தாயே, அந்த மாதிரி. சாவியைத் தருவது அதற்குத்தான்.